கல்லுத் தேவையில்லை

அண்ணையின் வலது கால் அவருடையது. இடது கால், முழங்காலுக்குக் கீழே, பிளாஸ்ரிக்கும் இரும்புக் குழாயும். கடைசிச் சண்டையில் வன்னியில் ஷெல் விழுந்தபோது அவருக்கு இருபது வயது, எனக்கு ஒன்பது. இதைச் சொல்லாமல் அந்தக் காரைப் பற்றி எழுத முடியாது. நாங்கள் அதில் பட்ட பாடெல்லாம் இல்லாத காலுக்காக. நான் அதில் விட்ட பிழையோ, இருந்த காலைக் கேட்டது.

காலை இழப்பதற்கு முன் அண்ணை லொறியில் கிளீனராக நின்றவர். அப்பா செத்த வருடம் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு லொறியில் ஏறினார். பதினாறு வயதில், சாரதி சாப்பிட இறங்குகிற நேரத்தில், லொறியை நகர்த்தித் தரும் அளவுக்கு ஓட்டப் பழகிவிட்டார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுவா. எங்கள் வீட்டில் ஏ.எல். எழுதியவன், அதற்குப் பிறகு தொழில்நுட்பக் கல்லூரிக்கும் போனவன், நான் ஒருவன்தான். கடிதம் வந்தால் என்னிடம் வரும். மருந்துப் போத்தல் என்னிடம் வரும். நான் வாசித்துச் சொன்னால் அது முடிந்த கதை. மறுபடி ஒருவரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

கார் பண்டத்தரிப்பில் ஒரு வீட்டுக் கொட்டிலில் கிடந்தது. இங்கிலாந்தில் செய்த பழைய ஏ-40. மேலே கோழி எச்சம், உள்ளே எலி. வீட்டுக்காரர் எப்போதோ அதன் சொந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு ஒரு யப்பான் வேனின் எஞ்சினைப் போட்டிருந்தார். அண்ணை அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். இப்போது வெளிநாட்டிலிருந்து வந்து கலியாணம் செய்கிற பிள்ளைகள் பழைய கார்களைத்தான் தேடுகிறார்கள். பூமாலை கட்டி, மாப்பிள்ளை பொம்பிளையை ஏற்றி, கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மெதுவாக ஓட்டிப் போக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் தானாக இருக்க வேண்டும் என்று அண்ணை நினைத்தார். பதினாறு வருடமாக அவர் ஒரு வாகனத்தின் ஸ்டியரிங்கையும் பிடித்ததில்லை. நீர்வேலியில் எங்கள் வளவில் கொட்டில் போட்டு, மற்றவர்களுடைய தண்ணீர் மெசின்களையும் உழவு மெசின்களையும் திருத்திக்கொண்டிருந்தார்.

காரை இழுத்து வந்து சேர்த்த கிழமையே ஒருநாள் கிளச்சை மிதித்துப் பார்த்தார். செயற்கைக் கால் மிதிக்கும், ஆனால் மிதித்தது அவருக்குத் தெரியாது. பாதம் கிளச்சுக்குக் கீழே போய் மாட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் காலைத் தூக்கி வெளியே எடுத்தார். பிறகு, "தம்பி, ஓட்டோ கியர் போடேலாதோ?" என்றார்.

அந்த எஞ்சினின் இனத்துக்கே ஓட்டோ கியர்பொக்ஸும் இருக்கிறது என்று நான் தேடிக் கண்டுபிடித்தேன். கொழும்புப் பக்கத்தில் உடைத்து விற்கிற இடமொன்றிலிருந்து வாங்கினோம். எங்கள் ஊர் வாழைக்குலைகளை ஏற்றிப் போகிற லொறி, திரும்பி வரும்போது, வெறும் பெட்டிகளுக்கு அடியில் வைத்து அதைக் கொண்டுவந்து இறக்கியது.

சாக்கை அவிழ்த்ததும் முதலில் தெரிந்தது, கியர்பொக்ஸின் வாயில் பொருந்தி இருந்த பெரிய உருண்டை இரும்பு.

"என்னடா இது, நீத்துப்பூசணிக்காய் மாதிரி?"

"இதுதான் அண்ணை கிளச்சின்ரை வேலையைச் செய்யிறது. உள்ளுக்கை எண்ணெய். எஞ்சின் சுத்த எண்ணெய் சுத்தும், எண்ணெய் கியரைச் சுத்தும்."

"ஒண்டோடை ஒண்டு தொடாதோ?"

"தொடாது."

"தொடாமல் எப்பிடியடா இழுக்கும்?"

"இழுக்கும்."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா விறாந்தையில் இருந்தபடியே சொன்னா: "தொடாமல் இழுக்கிறது பேய்தான்."

எல்லாரும் சிரித்தோம். அண்ணிதான் கொஞ்சம் குறைவாகச் சிரித்தா.

வேலை இரண்டு மாதம் போனது. காரை நாலு பனங்குற்றிகளில் ஏற்றி வைத்தோம். பழைய கியர்பொக்ஸை இறக்கினோம். புதியது பருமன். காரின் தரைத்தகட்டை வெட்டி இடம் செய்ய வேண்டியிருந்தது. சில்லுக்குப் போகிற நீளத் தண்டைக் கடைசல் பட்டறையில் கொடுத்துக் குறைக்க வேண்டியிருந்தது. கீழே படுத்துச் செய்கிற வேலை முழுவதும் அண்ணை. அப்போது செயற்கைக் காலைக் கழற்றி, பின்சில்லோடு சாய்த்து நிறுத்திவைப்பார். செருப்போடு. காருக்குக் கீழே அவர் இருப்பது வெளியே தெரியாது. அந்தக் கால் மட்டும் தனியாக நிற்கும்.

மேலே செய்கிற வேலை என்னுடையது. வயர்கள், லீவர், எல்லாவற்றுக்கும் மேலே வாசிப்பு. அந்த வேனின் கைநூலை இங்கிலிசில் என் தொலைபேசியில் இறக்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு படியாகத் தமிழில் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதினேன். பன்னிரண்டு படி. ஒரு படி முடிந்தால் சிவப்புப் பேனையால் சரி போடுவேன். அண்ணை கீழிருந்து கேட்பார்: "அடுத்தது என்ன வாத்தியார்?" நான் வாசிப்பேன். அவர் செய்வார்.

முதல்முதலாக எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணிய நாள் நினைவிருக்கிறது. கார் இன்னும் குற்றிகளில்தான் நின்றது. பின்சில்லுகள் நிலத்தைத் தொடவில்லை. கியர் நியூட்ரலில். நானும் அண்ணையும் பொனற்றைத் திறந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கிணற்றிலிருந்து வாளியோடு வந்த அம்மா பின்பக்கத்தில் நின்றுவிட்டா.

"ஆர் உதைச் சுத்துறது?"

போய்ப் பார்த்தோம். வலப்பக்கப் பின்சில்லு, மிக மெதுவாக, யாரும் தொடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. காற்றில் சுற்றுவதுபோல் இல்லை. ஏதோ யோசித்துக்கொண்டு சுற்றுவதுபோல் இருந்தது.

"ஒருத்தரும் இல்லை அம்மா. உள்ளுக்கை எண்ணெய் தடிப்பு. அது இழுக்குது. உப்பிடித்தான் இருக்குமாம், வாசிச்சனான்."

அம்மா வாளியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு போனா. அன்று முதல் கிணற்றுக்குப் போகும்போது கொட்டில் பக்கத்தால் போகாமல் வீட்டைச் சுற்றிப் போனா. நான் சொன்னது உண்மைதான். அது அப்படித்தான் இருக்கும். ஆனால் இப்போது நினைக்கும்போது, என் வாசிப்பைக் கேட்டும் ஒருவர் தன் வழியை மாற்றியது அதுதான் முதல் தடவை.

இனி லீவர். வேனின் லீவரைக் காரின் தரையில் பொருத்தினோம். அதன் மேல்தட்டு, அதாவது லீவர் ஓடுகிற வெட்டும் எழுத்துகளும் உள்ள தட்டு, உடைந்திருந்தது. நானே ஒரு இரும்புத் தகட்டில் புதிதாகச் செய்தேன். நீளமாக வெட்டி, அரம் போட்டுத் தேய்த்து, உளியால் எழுத்துகளைப் பொறித்தேன். P, R, N, D: நிறுத்த, பின்னால் போக, நியூட்ரல், முன்னால் போக. கீழே இன்னும் இரண்டு. எழுத்து வடிவாக வந்திருந்தது. அண்ணி விரலால் தடவிப் பார்த்தா. பக்கத்து வளவு ஐயா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ஆவணியில் அவருடைய மகளின் கலியாணம். எங்கள் காருக்கு முதல் ஓட்டம் அதுதான் என்று பேசி வைத்திருந்தோம்.

"என்ன இஞ்சினியர், கார் தானாய் ஓடுமோ? இல்லாட்டி மாப்பிள்ளை இறங்கித் தள்ளவேணுமோ?"

"நீங்கள் சும்மா இருந்தாலே போதும் ஐயா, கார் ஓடும்" என்றார் அண்ணை காருக்குக் கீழிருந்து.

"உதுக்குக் கால் வேண்டாமாமே?"

"ஒரு கால் போதும். என்னைப் பாத்துத்தான் செய்திருக்கிறாங்கள்."

பதினோராவது படி P. அதை நான் எப்படி எழுதி வைத்திருந்தேன் என்பதைச் சொல்கிறேன், கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. லீவரை P-க்குத் தள்ளினால் கியர்பொக்ஸின் உள்ளே ஒரு பல்லு விழுந்து தண்டைப் பூட்டும். அந்தச் சத்தம் கேட்க வேண்டும். பிறகு காரை முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்க வேண்டும். கடைசியாக, எஞ்சின் ஓடும்போது, பிறேக்கை மிதித்தபடி, லீவரை R பக்கம் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும், அசையக் கூடாது.

நான் தள்ளினேன். லீவர் போய், என் தகட்டின் வெட்டு முடிகிற இடத்தில் நின்றது. கீழே ஒரு சத்தம் கேட்டது. முழுச் சத்தம் இல்லை. சொல்ல வந்ததை ஒருவர் பாதியில் விழுங்கியதுபோல. குனிந்து பார்த்தேன். லீவர் தகட்டில் முட்டிக்கொண்டு நின்றது. வெட்டு இன்னும் ஒரு நூல் நீளமாக இருந்திருந்தால் இன்னும் ஒரு நூல் போயிருக்கும். எனக்கு அது தெரிந்தது. தகட்டைக் கழற்ற வேண்டும், திரும்பவும் அரம் போட வேண்டும், எழுத்துகளைச் சுற்றிப் போட்டிருந்த கறுப்புப் பெயின்ற் கெட்டுவிடும். கிறீஸ் புதிது, இறுகியிருக்கிறது, ஓட ஓடச் சரிவரும் என்று நினைத்துக்கொண்டேன்.

காரைக் குற்றியிலிருந்து இறக்கியதும், அண்ணியும் நானும் பக்கத்து ஐயாவும் சேர்ந்து தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை. அது P பிடித்ததாலா, காற்றுக் குறைந்த ரயர்கள் எங்கள் செம்மண்ணில் புதைந்து நின்றதாலா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவதைச் செய்யப் போனபோது பெற்றோல் முடிந்து எஞ்சின் நின்றது. பிறகு பார்ப்போம் என்று நினைத்தேன். ஆனால் கொப்பியில் சரியைப் போட்டுவிட்டேன். சிவப்பில்.

இன்னுமொன்று. கைப்பிறேக்கின் கேபிள் துருப்பிடித்து அறுந்திருந்தது. புதியது தேடினோம், கிடைக்கவில்லை. "P இருக்குத்தானே அண்ணை, அது பேந்து போடலாம்" என்று சொன்னவனும் நான்தான்.

கார் முதல்முதலாகப் படலை தாண்டுகிற நாளுக்கு அம்மா நேரம் பார்த்து வந்தா. வெள்ளிக்கிழமை காலை, ஏழரைக்குள். வீட்டு முற்றத்தில் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, முன்சில்லு இரண்டுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்து, அவற்றை நசித்துக்கொண்டு கார் புறப்பட வேண்டும். நேரே பிள்ளையார் கோயிலுக்கு. இதெல்லாம் எல்லாரும் செய்வதுதான். அண்ணைக்கு லொறிக் காலத்துப் பழக்கம் ஒன்று மேலதிகமாக இருந்தது. பூசைக்கு ஸ்ரார்ட் பண்ணிய எஞ்சினைக் கோயில் வாசல் வரைக்கும் நிற்பாட்டக் கூடாது. நிற்பாட்டினால் வாகனம் வழியில் படுக்கும். அவர் ஏறிய முதல் லொறிக்காரர் சொன்னதாம்.

அதே லொறியிலிருந்து வந்த இன்னொரு பழக்கம் கல்லு. எந்த வாகனத்தையும், உழவு மெசினையும்கூட, சில்லுக்கு ஒரு கல்லு வைக்காமல் அவர் விட்டுப்போனதில்லை. அதற்கென்றே ஒரு சுண்ணாம்புக்கல், ஒரு பக்கம் சரிவாக, எப்போதும் கொட்டிலில் இருக்கும்.

அன்று காலை அண்ணை வேட்டி கட்டி, விபூதி பூசி, காரில் ஏறினார். நான் இடப்பக்கத்தில். திறப்பைத் திருப்பினார். குளிர் எஞ்சினுக்கு வேகம் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தேன், அது சற்று உறுமிக்கொண்டு ஓடியது. D போட்டார். பிறேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தார். ஒன்றையும் மிதிக்காமலே கார் நகர்ந்தது. அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் ஒன்பது வயதுக்கு முன்பு பார்த்து மறந்திருப்பேன். கொட்டிலிலிருந்து முற்றத்துக்கு வந்து, படலையைப் பார்த்தபடி நிறுத்தினார். கார் நின்ற இடத்துக்குப் பின்னால், இருபது அடி தள்ளி, கிணற்றுக் கட்டு.

லீவரை P-க்குத் தள்ளினார். தள்ளிய கையை உடனே எடுக்கவில்லை. ஒருகணம் லீவரின் மேலேயே வைத்திருந்தார். நான் கண்டேன். எதற்கென்று கேட்கவில்லை.

"தம்பி, கல்லு எங்கை?"

"வேலியோரம் எறிஞ்சிட்டன்."

"ஏன்ரா?"

"கல்லுத் தேவையில்லை அண்ணை. P எண்டால் உள்ளுக்கை பல்லு விழுந்து பூட்டும். கல்லு வைக்கிறதெல்லாம் பழைய கியருக்கு."

"எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கு."

"ஓடினாலும் என்ன? பூட்டினது பூட்டினதுதான்."

பொனற்றுக்கு முன்னால் தட்டத்தோடு நின்ற அம்மா கேட்டா: "என்ன கதைக்கிறியள்? நேரம் போகுது."

"ஒண்டுமில்லை" என்றார் அண்ணை. "தம்பி வாசிச்சுப் பாத்திட்டான்."

அம்மா ஒவ்வொரு முன்சில்லுக்கும் முன்னால் தேசிக்காயை வைத்தா. இரண்டு. கற்பூரம் காட்டி, தட்டத்தோடு ஒதுங்கி விறாந்தைப் படிக்குப் போனா. தேங்காய் அண்ணை உடைக்க வேண்டும். அதற்காகக் கதவைத் திறந்தார். அவர் இறங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் வலது காலை வெளியே ஊன்றி, கதவின் மேல்விளிம்பைப் பிடித்து எழும்பி, பிறகு மற்றக் காலைக் கையால் தூக்கி வெளியே வைப்பார். அதனால் திறந்த கதவுக்கும் காருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நிற்பார். நிற்கத்தான் வேண்டும்.

நான் என் பக்கத்தால் இறங்கினேன். கதவைச் சாத்தினேன். பழைய காரின் கதவு, இழுத்து அடித்தால்தான் பூட்டும். அடித்தேன்.

காருக்குள் இருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. சிறிய சத்தம். அதை நான் இன்றைக்கும் வேறு சத்தங்களில் கேட்கிறேன், யாரோ அலுமாரியைப் பூட்டும்போது, பஸ்ஸின் கதவு திறக்கும்போது.

கார் பின்னால் போனது.

எல்லாரும் முன்னால்தான் பார்த்துக்கொண்டு நின்றோம். முன்னால் தேங்காய், முன்னால் தேசிக்காய், முன்னால் படலை. திறந்திருந்த கதவு அண்ணையின் நெஞ்சில் பிடித்துப் பின்னுக்குத் தள்ளியது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி பின்பக்கமாக நடந்தார். இரண்டு காலும் சொந்தமாக உள்ளவனே அப்படி நடக்க முடியாது. விழுந்தார். கதவு அவருக்கு மேலால் போனது. அதற்கு அடுத்தது முன்சில்லு.

நான் மறுபக்கத்தில் நின்றேன். எனக்குத் தெரிந்தது அவர் விழுந்தது மட்டும். பிறகு அந்த முறிவுச் சத்தம். காய்ந்த தென்னம்பாளையை மிதித்தால் வருவது போன்ற சத்தம். அண்ணி கத்தினா. நான் கதவைத் திறக்கப் பார்த்தேன், கைப்பிடி கையிலிருந்து நழுவியது. கார் போய்க் கிணற்றுக் கட்டில் மோதியது. மோதிய பிறகும் நிற்கவில்லை. பின்சில்லுகள் செம்மண்ணைத் தோண்டிக்கொண்டு, கட்டைத் தள்ளிக்கொண்டு, உறுமிக்கொண்டு நின்றன. நான் ஓடிப்போய் கண்ணாடி இறக்கியிருந்த யன்னலுக்குள்ளால் உடம்பை நுழைத்துத் திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் நின்றது. லீவரைப் பார்த்தேன். P-க்கும் R-க்கும் நடுவில் எங்கேயும் இல்லை. R-இல், சரியாக R-இல், நான் பொறித்த எழுத்துக்கு நேரே நின்றது.

திரும்பி அண்ணையிடம் ஓடினேன். போய்ச் சேருவதற்குள் என்ன கண்டால் என்ன செய்வது என்று எல்லாம் யோசித்துவிட்டேன்.

அண்ணை மண்ணில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அரைவாசி எழும்பி இருந்தார். வேட்டியில் ரயர் அடையாளம். இடது கால் பாதத்துக்கு மேலே தட்டையாகி, பிளாஸ்ரிக் பிளந்து, உள்ளிருந்த குழாய் வளைந்து வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. வலது கால், விழும்போது மடங்கியதால், அவருக்கு அடியில் இருந்தது. சில்லு போன தடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண். பிறகு நான் அளந்து பார்த்தேன். ஒரு சாண்கூட இல்லை.

அண்ணி அவருடைய வலது காலை இரண்டு கையாலும் பிடித்துத் தடவினா. "இஞ்சருங்கோ, விரலை ஆட்டுங்கோ. ஆட்டிக் காட்டுங்கோ."

அண்ணை விரலை ஆட்டினார்.

ஆஸ்பத்திரியில் காட்டினோம். முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருந்த துண்டில் கன்றல், நெஞ்சில் கன்றல், அவ்வளவுதான். புதிய கால் செய்ய அளவெடுக்க முதலில் வீக்கம் வற்ற வேண்டும், அதற்குப் பிறகும் வரிசையில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அதுவரை ஊன்றுகோல்.

வீட்டுக்கு வந்தால் ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருந்தது. பக்கத்து ஐயா நாவூறு என்றார். தானே மதிலுக்கு மேலால் எத்தனை தரம் பார்த்தார் என்பதை மறந்துவிட்டார். அண்ணி, எஞ்சினை நிற்பாட்டியிருக்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னா. அம்மா, இரண்டாவது தேசிக்காய் கொஞ்சம் மெத்தென்று இருந்தது, மாற்றியிருக்க வேண்டும் என்று அழுதா. என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இலகுவாக இருந்திருக்கும். நான் வாசித்தவன், ஆகவே பிழை வேறெங்கோ இருக்க வேண்டும்.

தேசிக்காய்கள் வைத்த இடத்திலேயே கிடந்தன. கார் பின்னால் போனதால் ஒன்றும் நசியவில்லை. முற்றத்தில் இரண்டும் பக்கம் பக்கமாக. பூசைக்கு வைத்த தேசிக்காயை எடுக்க எல்லாருக்கும் பயம். அம்மா முற்றம் கூட்டும்போது அவற்றைச் சுற்றிக் கூட்டினா. நாளுக்கு நாள் அவை மஞ்சளாகின, பிறகு மண்ணிறமாகின.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் கொப்பியை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனேன். அண்ணை கதிரையில் இருந்தார். ஊன்றுகோல் சுவரில். கொப்பியை விரித்து அவருடைய மடியில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஏன்ரா இது? வாசிச்சுச் சொல்லு."

வாசித்தேன். பதினோராவது படியை முழுவதும். மூன்றாவதை நான் செய்யவில்லை என்றேன். தகட்டின் வெட்டு ஒரு நூல் குறைவு என்றேன். அதனால் பல்லு முழுக்க விழவில்லை, லீவர் P-க்கும் R-க்கும் இடையில் தொங்கிக்கொண்டு நின்றிருக்கிறது, நான் கதவை அடித்த அதிர்ச்சியில் R-க்கு விழுந்துவிட்டது என்றேன். அது எனக்கு முன்பே தெரியும், பெயின்ற் கெட்டுவிடும் என்று விட்டேன் என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் ஒரு பிள்ளையின் குரல்போல் ஆகிவிட்டது.

அண்ணை முற்றத்தில் கிடந்த தேசிக்காய்களைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியும்" என்றார்.

"என்ன?"

"லீவரைப் போடேக்கை கையிலை தெரிஞ்சது. இருக்க வேண்டிய இடத்திலை அது இருக்கேல்லை. லொறியிலை நிண்டவனுக்கு அது தெரியாதோ? அதுதான் கல்லுக் கேட்டனான்."

"அப்ப ஏன் இறங்கினனீங்கள்?"

"நீ வாசிச்சனி எண்டு நினைச்சன்."

திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூட, நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். கொப்பியை மடியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

அன்று பின்னேரம் தகட்டைக் கழற்றி அரம் போட்டேன். ஒரு நூலுக்குக் கொஞ்சம் கூட. பெயின்ற் உரிந்து P எழுத்தின் ஒரு பக்கம் போய்விட்டது. திரும்பப் பூட்டியதும் அண்ணை ஊன்றுகோலோடு வந்து சாரதி இருக்கையில் இருந்தார். லீவரைத் தள்ளினார். கீழே பல்லு விழுந்தது. இந்த முறை முழுச் சத்தம். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதுதான், முன்பு கேட்டது எவ்வளவு குறைந்த சத்தம் என்பது தெரிந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"மற்றதையும் செய்" என்றார்.

எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணி, அவர் பிறேக்கை மிதித்திருக்க, நான் லீவரை R பக்கம் இழுத்தேன். அசையவில்லை. பத்துத் தரம் இழுத்தேன். அண்ணை போதும் என்று சொல்லவில்லை, நானாக நிற்பாட்டவுமில்லை. பதினோராம் தரம் அண்ணி வந்து எஞ்சினை நிற்பாட்டச் சொன்னா. அவவுக்கு அந்த உறுமலைக் கேட்க முடியவில்லை.

ஆவணிக் கலியாணத்துக்குப் பக்கத்து ஐயா வேறு கார் பிடித்தார். அவரில் பிழை இல்லை. எங்கள் கார் மாரி முழுவதும் தறப்பாளுக்குக் கீழே நின்றது. கைப்பிறேக் கேபிளைக் கடைசியில் ஒரு சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லிச் செய்வித்துப் போட்டேன். மழையில் தேசிக்காய்களில் ஒன்று கரைந்து போனது. மற்றது காய்ந்து சுருங்கி, கல்லுப்போல் ஆகி, படலைக்குப் பக்கத்தில் கிடந்தது.

தை மாதம் புதிய கால் வந்தது. அதற்குப் பழக இன்னும் ஒரு மாதம். பிறகு ஒருநாள் காலை, பூசை ஒன்றுமில்லாமல், அண்ணை காரில் ஏறினார். அம்மா படலையைத் திறந்துவிட்டு, தூரமாக, வேலியோடு ஒட்டி நின்றா. நெல்லியடிக்குப் போனோம். வாழைத் தோட்டங்கள் முடிந்து வெளி தொடங்கியதும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். அவருடைய இடது கால் ஒன்றும் செய்யாமல் ஒரு மூலையில் இருந்தது. வலது கால் இரண்டு பேருடைய வேலையையும் செய்தது. நன்றாகத்தான் ஓட்டினார். ஒவ்வொரு சந்தியிலும் நான் என் இருக்கையின் விளிம்பைப் பிடித்தேன்.

சந்தையடியில் நிறுத்தி, P போட்டு, கைப்பிறேக்கை இழுத்து, எஞ்சினை நிற்பாட்டினார். திறப்பை எடுத்து என் கையில் தந்தார். இறங்கவில்லை. முன்னால் பார்த்தபடி இருந்தார்.

நான் இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தேன். சுண்ணாம்புக்கல் சாக்கு ஒன்றில் சுற்றி இருந்தது. வேலியோரத்தில் புல்லுக்குள்ளிருந்து அதைத் தேடி எடுத்து வைத்தவன் நான். பின்சில்லுக்குப் பின்னால், சரிவுப் பக்கம் ரயரில் படும்படி வைத்து, காலால் தட்டி இறுக்கினேன். கல்லு ரயரில் பட்ட சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும். சாரதிக் கதவு திறந்தது. முதலில் வலது கால் வெளியே வந்து நிலத்தில் ஊன்றியது.

இப்போது அவருக்கு மாதத்தில் இரண்டு மூன்று கலியாண ஓட்டம் கிடைக்கிறது. நான் வேலைக்குப் போகாத நாட்களில் கூடப் போகிறேன். மாப்பிள்ளையும் பொம்பிளையும் இறங்க, எல்லாரும் அவர்களைப் பார்ப்பார்கள். கமராக்காரர் பின்னால் பின்னால் நடப்பார். அந்த நேரத்தில் அண்ணையும் கதவுக்கும் காருக்கும் நடுவில், அந்தக் கொஞ்ச நேரம், நிற்பார். நான் அவரைப் பார்ப்பதில்லை. குனிந்து சில்லைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், அவர் கதவைச் சாத்தி விலகும்வரை.